ஒரே மூச்சு

கேள்வி: ஆசிரியர் அவர்களே, உங்களுக்கு ரொம்பப் பிடித்த டிவி தொடர், புத்தகம், வீடியோ கேம் எவை? அதில் ஒரே மூச்சில் முடித்தது எது? - ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: மூணு கேள்விய ஒண்ணா கட்டி அனுப்பிட்டீங்க, இருக்கட்டும். ஆனா அந்த 'ஒரே மூச்சு' இருக்கே, அதோட எனக்கு ரொம்ப நாள் பகை. மதிப்புரைக்குன்னு இங்க வர்ற நாவல் எதைப் பிரிச்சாலும் அணிந்துரையில யாராவது ஒரு பெரியவர் "ஒரே மூச்சில் வாசித்து முடித்தேன்"னு எழுதியிருப்பார். நாவல் 480 பக்கம். கபடியில ரெய்டு போறவனுக்கே, தொடை ரெண்டும் தூணு மாதிரி இருக்கிற பையனுக்கே, 30 செகண்டுதான் கணக்கு. இவரோ மேடை ஏறும்போது மூணாவது படியில நின்னு இளைப்பாறிட்டு மேல ஏறுறவர். அவர் எப்படிங்க 480 பக்கம்? சடுகுடு சடுகுடுன்னு சொல்லிக்கிட்டே பக்கத்தப் புரட்டினாரா, நடுவுல வீட்டம்மா காப்பி கொண்டாந்தா வாங்க முடியாம கையால ஜாடை காட்டினாரா, மூச்சு விட்டாரா விடலையான்னு பார்க்க பக்கத்துல அம்பயர் யாராச்சும் உக்காந்திருந்தாங்களா, 300ஆம் பக்கத்துல தும்மல் வந்தா அவுட்டா, அவுட்னா முதல் பக்கத்துல இருந்து திரும்பவா? இதையெல்லாம் ஒரு விழாவுல அவர்கிட்டயே கேட்டுட்டேன். அன்னியிலிருந்து நம்ம பத்திரிகைக்கு அவர் எழுதுறதில்ல.

புத்தகம்னா எனக்கு பொன்னியின் செல்வன்தான், புதுசா எதையும் சொல்லி உங்கள அசத்தப் போறதில்ல. 1950ல கல்கியில ஆரம்பிச்சு 1954ல முடிஞ்ச தொடர், ஏறக்குறைய மூணரை வருஷம், வாரா வாரம் மூச்சப் பிடிச்சுக்கிட்டே இருந்தவங்க அந்தக் காலத்து வாசகர்கள், அதுக்கு வேணா நான் மெடல் குத்துவேன். நான் படிச்சது கல்கியில மறுபடி வந்தப்ப பெரியம்மா வாராவாரம் கிழிச்சு எடுத்து பைண்டு பண்ணி வச்சது. பின்பக்கத்துல பாதி ஜோக்கு இருக்கும், மீதி பாதி எந்தக் குப்பையில போச்சோ. நடுவுல ரெண்டு அத்தியாயம் வேற காணோம், பெரியப்பா சவரம் பண்றப்ப பிளேடு துடைக்கக் கிழிச்சிருக்கார். போன அத்தியாயத்துல கடல்ல தத்தளிச்ச வந்தியத்தேவன் அடுத்த பக்கத்துல கரையில குதிரை மேல போறான். நானே ஒரு கதை கட்டி அவனக் கரையேத்தினேன். பத்து வருஷம் கழிச்சு முழு புத்தகம் கிடைச்சு அந்த ரெண்டு அத்தியாயத்தையும் படிச்சேன். கல்கி நல்லாத்தான் எழுதியிருக்கார், ஆனா என்னோடதுல ஒரு சுறா உண்டு.

டிவின்னா மர்மதேசம், அதுலயும் விடாது கருப்பு. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கினது, சன் டிவியில வந்தது. இங்கதான் நீங்க கேட்ட ஒரே மூச்சு வருது. கருப்பசாமி குதிரைக் குளம்பு சத்தத்தோட எபிசோடு முடியும், எங்க வீட்டுல பாத்ரூம் கொல்லைப்பக்கம், நடுவுல ஒரு புளியமரம். போறதும் ஒரே மூச்சு, வர்றதும் ஒரே மூச்சு. அடுத்த எபிசோடு வர்ற வரைக்கும் ஒரு வாரம் இதே கதைதான். இப்ப எல்லா எபிசோடையும் ஒரே ராத்திரியில பாக்குறாங்களே, அவங்களுக்கு அந்தப் புளியமரத்த ஒரு தடவைதான் தாண்டணும், கொடுத்து வச்சவங்க.

வீடியோ கேம் சூப்பர் மாரியோ. 1985ல ஜப்பான்ல வந்தத நாங்க தொண்ணூறுகள்ல டூப்ளிகேட் செட்டுல ஆடினோம், கேசட்டு மேல '9999 இன் 1'ன்னு போட்டிருக்கும், உள்ள அஞ்சாறு கேமையே திருப்பித் திருப்பிப் போட்டிருப்பான். ஓடலேன்னா கேசட்ட உருவி வாய வச்சு ஃபூன்னு ஊதணும். உண்மையில வேலை செஞ்சது கழட்டி மாட்டினதுதான், ஊதினா எச்சில் ஈரம் பட்டு கெட்டுப்போகும்னு கம்பெனிக்காரனே பின்னாடி சொல்லிட்டான். மொத்தம் 32 லெவல், சேவ் பண்ற வசதியே கிடையாது, கரண்டு போனா மொதல்லேருந்து. கோட்டைக்குக் கோட்டை காளான் தலையன் ஒருத்தன் நின்னுக்கிட்டு 'இளவரசி வேற கோட்டையில இருக்காங்க'ம்பான். இப்படி ஏழு தடவை! வாரப் பத்திரிகை நடத்தியிருக்க வேண்டிய ஆளு.

இதுல எதிர்வீட்டுப் பையன் ஒருத்தன் இருந்தான். ரெண்டாவது லெவல்ல கூரை மேல ஏறிப்போனா ஒளிஞ்சிருக்கிற பைப்பு வழியா நேரா நாலாவது உலகம், அங்கேருந்து இன்னொரு பைப்புல எட்டாவது உலகம். 32ல எட்டே எட்டு லெவல் ஆடிட்டு 'முடிச்சிட்டேன்'னு தெருவெல்லாம் சொல்லிட்டு வந்தான். அது முடிச்சதே ஆகாதுன்னு நான் அன்னிக்குச் சொன்னேன், இன்னிக்கும் சொல்றேன். தங்கச்சியக் கட்டிக்கிட்டு இப்ப மாப்பிள்ளையாவே ஆயிட்டார், தீபாவளிக்கு வந்தா முறுக்கு எடுக்கிறதுக்கு முன்னாடி இந்தப் பஞ்சாயத்துதான். வெப்சீரிஸ ஒன்றரை மடங்கு ஸ்பீடுல பாக்குற ஆளு அவர், பைப்பு புத்தி போகுமா?

ஆக ஒரே மூச்சுல நான் முடிச்சது கேசட்டு ஊதினது மட்டும்தான். அப்புறம், உங்க கேள்வியோட 412 பக்கத்துக்கு ஒரு நாவல் கையெழுத்துப் பிரதியும், அணிந்துரை கேட்டு ஒரு சீட்டும் வந்திருக்கு. 60ஆம் பக்கத்துல இருக்கேன். மூச்சு வாங்குது.