அமெரிக்காவின் டென்னசியில், பறவை வேட்டை நாய்களுக்காக நடக்கும் தேசிய பேர்ட் டாக் சாம்பியன்ஷிப்பில் ஓட ஒரு பாய்ண்டர் நாய் (பறவை இருக்குமிடத்தைச் சுட்டி அசையாமல் நிற்கும் இனம்) எப்படித் தகுதி பெறுகிறது?

விதி ஒரு வரிதான். தகுதிப் போட்டிகளாக ஏற்கப்பட்ட ஓப்பன் ஆல்-ஏஜ் பந்தயங்களில் (தூரமாக ஓடித் தேடும் நாய்களுக்கான பிரிவு) புதிய நாய் இரண்டு முறை முதலிடம் பெற வேண்டும். நண்பரின் பாய்ண்டருக்கு மூன்று பருவங்கள் ஸ்காவுட்டாக இருந்தேன். நாய் கண்ணுக்கு எட்டாமல் போனால் குதிரையில் தேடிப் போகும் வேலை. அந்த நாய்க்கு முதலிடம் ஒன்று, இரண்டாமிடம் நான்கு. நான்கு இரண்டாமிடங்களைச் சேர்த்தாலும் ஒரு முதலிடம் ஆகாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஷூட்டிங் டாக் பிரிவில் எத்தனை கோப்பை வாங்கினாலும் இங்கே செல்லாது. அந்த நாய்கள் கையாளுபவருக்கு ஓரளவு அருகிலேயே தேடும். அவற்றுக்கு அலபாமாவில் தனி தேசியப் போட்டி இருக்கிறது. ஆல்-ஏஜ் நாயோ சில நேரம் அரை மைலுக்கும் அப்பால் ஓடும். ஆனாலும் கையாளுபவர் போகும் திசையை விட்டுவிடக் கூடாது. தூரமாக ஓடுவது ரத்தத்தில் வரும். திரும்பிப் பார்ப்பதைத்தான் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

பெரும்பாலான நாய்கள் தோற்பது மூக்கினால் அல்ல, காலினால். பறவையைச் சுட்டி நின்றபின், கையாளுபவர் அதைக் கிளப்பி வெற்றுத் தோட்டா வெடிக்கும்வரை நாய் அசையக் கூடாது. எங்கள் நாய் ஐம்பத்தைந்து நிமிடம் அற்புதமாக ஓடிவிட்டு, காடைக் கூட்டம் எழுந்தபோது பத்தடி துரத்தியது. நடுவர் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை; நண்பரே தொப்பியைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டு நாயைக் கட்டினார். உடன் ஓடும் நாய் சுட்டி நிற்பதைக் கண்டால் அதை மதித்துப் பின்னாலேயே நிற்கவும் வேண்டும். ஜிபிஎஸ் கழுத்துப்பட்டையின் கருவியை நடுவரிடம் வாங்கி நாயைத் தேடினாலும் அன்றைய ஆட்டம் முடிந்தது. என் வேலை அப்போதுதான் தோற்றதாக எனக்குத் தோன்றும்.

செலவைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. செப்டம்பரில் வடக்குப் புல்வெளிகள், குளிர்காலத்தில் தென் மாநிலங்கள் என்று குதிரைகளோடு அலைய வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் தொழில்முறைப் பயிற்சியாளரிடம் ஒப்படைத்துவிடுவது நல்லது.

இன்னொன்று: தகுதிப் போட்டிகள் பலவற்றில் ஓட்டம் ஒரு மணி நேரம். டென்னசியின் கிராண்ட் ஜங்ஷன் ஊருக்கு அருகே ஏம்ஸ் பிளான்டேஷன் என்ற பண்ணையில் நடக்கும் சாம்பியன்ஷிப் ஓட்டம் மூன்று மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு மின்னலாக ஓடும் நாயை இதற்குள் தள்ளிவிட்டால் இரண்டாவது மணியிலேயே வால் தொங்கிவிடும். 1896இல் தொடங்கிய இந்தப் போட்டியைப் பெரும்பாலும் பாய்ண்டர்களே வென்றிருக்கின்றன; 1970க்குப் பிறகு ஒரு செட்டர் (நீள முடி கொண்ட இன்னொரு வேட்டை நாய் இனம்) வெல்ல 2013வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஷேடோ ஓக் போ என்ற அந்த நாய் மறு ஆண்டும் வென்றது.

எங்கள் நாய்க்கு இப்போது ஒன்பது வயது. அந்த இரண்டாவது முதலிடம் வரவே இல்லை. அதன் மகளை இந்தப் பருவத்தில் ஓட்டப்போகிறோம். அவளும் காடை எழும்போது முன்னங்காலைத் தூக்குகிறாள்.