100 ஜிபி வாங்கியும் இடமில்லை என்கிறதே?

கேள்வி: சிவகாசியில் ஆறு பேர் வேலை செய்யும் சிறிய வடிவமைப்பு நிலையம் நடத்துகிறேன். ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளிவந்துவிட்டால் வருடக் கடைசி வரை ஓய்வு கிடையாது. என் கூகுள் டிரைவில் ஒரு கோப்புறையை உருவாக்கி எல்லோருக்கும் பகிர்ந்திருக்கிறேன். இடம் போதவில்லை என்று 100 ஜிபி திட்டமும் வாங்கினேன். அதில் முக்கால்வாசி காலியாகக் கிடக்கிறது. பணியாளர்களுக்கோ ‘சேமிப்பகம் நிரம்பிவிட்டது’ என்றே செய்தி வருகிறது. ஆறு பேருக்கும் தனித்தனியாக வாங்க வேண்டுமா? அண்மையில் விலகிச் சென்ற ஒருவர் ஏற்றிய கோப்புகள் சிலவற்றையும் காணவில்லை.

பதில்: இரண்டும் ஒரே காரணத்தால் வந்த தொல்லைகள். சாதாரண கூகுள் கணக்கில் கோப்புறை உங்களுடையதாக இருந்தாலும், அதற்குள் யார் ஒரு கோப்பை ஏற்றுகிறாரோ அவரே அந்தக் கோப்பின் உரிமையாளர். அது பிடிக்கும் இடமும் அவருடைய கணக்கிலிருந்தே கழிக்கப்படும். இலவசக் கணக்குக்குக் கிடைக்கும் 15 ஜிபி, ஜிமெயில், போட்டோஸ், டிரைவ் மூன்றுக்கும் பொதுவானது. பணியாளர் தம் சொந்தக் கணக்கைப் பயன்படுத்துகிறார் என்றால், அவர் வீட்டு விசேஷப் படங்களும் உங்கள் காலண்டர் வடிவமைப்புகளும் அந்த 15 ஜிபிக்குள்தான் இடத்துக்கு முட்டிக்கொள்கின்றன. நீங்கள் வாங்கிய 100 ஜிபி, நீங்கள் ஏற்றும் கோப்புகளுக்கு மட்டுமே பயன்படும்.

விலகியவர் விஷயமும் இதுவே. கோப்புறையிலிருந்து அவரை நீக்கினாலும் அவர் ஏற்றியவற்றின் உரிமை அவரிடமே இருக்கும். தம் கணக்கில் இடம் வேண்டுமென்று எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல் அவர் அவற்றை அழித்திருக்கலாம். குப்பைத்தொட்டியில் 30 நாள் வரை இருக்கும் என்பதால் இன்றே அவரைத் தொலைபேசியில் அழைத்து, மீட்டுத் தருமாறு கேளுங்கள். மிச்சமிருப்பவற்றை உங்கள் கணக்கிலிருந்து ‘நகல் எடு’ என்று கொடுத்தால், அந்த நகலுக்கு நீங்களே உரிமையாளர் ஆவீர்கள். கோப்புறையின் உரிமையை மாற்றினால் உள்ளிருக்கும் கோப்புகளும் சேர்ந்து மாறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி மாறுவதில்லை.

ஆகவே ஆறு பேருக்கும் இடம் வாங்கித் தருவது, வாடகை நீங்கள் கொடுத்துச் சாவியை அவர்களிடம் விடுவதைப் போன்றது. நீங்கள் வாங்கியது போன்ற கூகுள் ஒன் சேமிப்பகத் திட்டத்தைக் குடும்பக் குழுவாக ஐந்து பேர் வரை பகிரலாம் என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். அதனால் இட நெருக்கடி தீரலாம், உரிமைச் சிக்கல் தீராது. தவிர, அது வீட்டாருக்கென்று வைத்த ஏற்பாடு.

என் பரிந்துரை, நிறுவனங்களுக்கான கூகுளின் கட்டணச் சேவையான ஒர்க்ஸ்பேஸின் பிசினஸ் ஸ்டாண்டர்டு திட்டத்தில் உள்ள ‘பகிர்ந்த டிரைவ்’ வசதி. அதில் யார் ஏற்றினாலும் கோப்பு நிறுவனத்துக்கே சொந்தம். ஆள் போனாலும் கோப்பு போகாது. ஒரு பயனருக்கு 2 டிபி (சுமார் 2,000 ஜிபி) என்ற கணக்கில் இடம் கிடைக்கிறது. ஆறு உரிமங்கள் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. நிர்வாக அமைப்பில் அனுமதித்தால், மற்றவர்களை அவர்களுடைய ஜிமெயில் முகவரியிலேயே அந்த டிரைவில் சேர்க்கலாம்; அவர்கள் ஏற்றுவதும் நிறுவனத்தின் கணக்கிலேயே சேரும். அவர்களுக்குப் ‘பங்களிப்பாளர்’ நிலையைக் கொடுத்தால் கோப்பைச் சேர்க்கவும் திருத்தவும் முடியும், அழிக்க முடியாது. இதற்கு உங்கள் நிறுவனத்துக்கென்று ஓர் இணையப் பெயர் (டொமைன்) தேவைப்படும். வரியைச் சேர்த்து ஆண்டுக்கு எவ்வளவு ஆகிறது என்று பார்த்துக்கொண்டு பணம் கட்டுங்கள்.

மற்ற நிறுவனங்கள் கணக்கிடும் முறை வேறு. மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவில் பகிர்ந்த கோப்புறைக்குள் யார் போட்டாலும் கோப்புறையின் சொந்தக்காரர் இடமே குறையும். உங்கள் நிலைமைக்கு இது நன்றாகப் பொருந்தும், ஆனால் வாங்கும் உரிமம் வணிகப் பயன்பாட்டுக்கானதா என்று பார்க்க வேண்டும். டிராப்பாக்ஸில், பகிர்ந்த கோப்புறை அதில் சேர்ந்த ஒவ்வொருவரின் கணக்கிலும் இடம் பிடிக்கும். இலவசமாகத் தருவதே 2 ஜிபி என்பதால், உங்கள் போட்டோஷாப் கோப்புகளுக்கு அது ஒரு நாள் கூடத் தாங்காது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரே கூகுள் ஆவணத்தில் இருவர் ஒரே நேரத்தில் எழுதலாம். கோரல்டிரா போன்ற வடிவமைப்பு மென்பொருளின் கோப்பில் அது நடக்காது. இருவர் திறந்து வேலை செய்தால் ஒருவருடைய வேலை மற்றவருடையதன் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். பழைய பதிப்புகளை டிரைவ் 30 நாள் வரை அல்லது 100 பதிப்புகள் வரைதான் வைத்திருக்கும். அச்சுக்குப் போகும் இறுதிக் கோப்பை ‘எப்போதும் வைத்திரு’ என்று குறித்துவிடுங்கள். வெளியே ஒரு ஹார்டு டிஸ்கிலும் நகல் இருக்கட்டும்.

கேள்வி: சென்னையில் ஓர் அடுக்ககச் சங்கத்தின் பொருளாளராக இருக்கிறேன். வரவு செலவு ரசீதுகள், குடியிருப்போரின் ஆதார் நகல்கள் எல்லாம் ஒரே கோப்புறையில் இருக்கின்றன. ‘இணைப்பு உள்ள எவரும்’ என்று வைத்து, இணைப்பை வாட்ஸாப் குழுவில் போட்டிருக்கிறோம். இது சரியா?

பதில்: ரசீதுகளுக்குப் பாதகமில்லை, பார்வைக்கு மட்டும் என்று வைத்திருந்தால். ஆதார் நகல்களுக்குக் கூடவே கூடாது. குழுவில் இருக்கும் யாரோ ஒருவர் அந்த இணைப்பை வெளியே அனுப்பினால், பெறுகிறவர் கூகுளில் உள்நுழையாமலே அதைத் திறக்கலாம். யார் பார்த்தார் என்று உங்களுக்குத் தெரியவும் தெரியாது. வெளிக் கோப்புறைக்குக் கொடுத்த அனுமதி உள்ளே இருப்பவற்றுக்கும் இறங்கும் என்பதால், ஆதார் நகல்களை உட்கோப்புறையில் போட்டு மறைக்கப் பார்க்காமல் முற்றிலும் தனியான கோப்புறைக்கு மாற்றி, செயலாளர், பொருளாளர் இருவரின் மின்னஞ்சலுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். ‘திருத்துபவர்கள் பிறருக்குப் பகிரலாம்’ என்ற தேர்வையும் எடுத்துவிடுங்கள்.

இதுவரை யாரேனும் பதிவிறக்கியிருந்தால் அந்த நகலைத் திரும்பப் பெற வழியில்லை. இனி வாங்கும்போது, கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கேளுங்கள். அதை ஆதார் ஆணையத்தின் தளத்தில் அவரவரே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.