பாலித்தீன் மூடியும் பிகோனியா கருகியது ஏன்?

ஊட்டியில் உறைபனிக்குப் பயந்து ராத்திரி பாலித்தீன் போர்த்தியும், காலையில் பிகோனியா பூச்செடி கருகிக் கிடந்தது என்கிறீர்கள். எந்த இலைகள் கருகின என்று பாருங்கள். ஷீட்டில் ஒட்டியிருந்தவைதான் அதிகம் இருக்கும். ஷீட்டின் குளிர் அப்படியே இலைக்கு இறங்கிவிடும்.

பழைய பருத்திப் போர்வையோ சாக்கோ போதும். நாலு குச்சி நட்டு, இலையில் படாமல் கூடாரம் மாதிரி போட்டு, ஓரத்தைத் தரைவரை இறக்கிக் கல் வையுங்கள். பகலில் மண் வாங்கிய சூடுதான் ராத்திரி செடியைக் காப்பாற்றுகிறது, அது வெளியே போகக் கூடாது. அதனால்தான் மதியமே மண்ணை நனைத்துவிடுவேன். காய்ந்த மண்ணில் சூடு அவ்வளவு தங்காது. சாயங்காலம் இலையில் தண்ணீர் தெளிக்காதீர்கள்.

மேகமும் காற்றும் இல்லாமல் நட்சத்திரம் பளிச்சென்று தெரிகிற ராத்திரிதான் ஆபத்து. பனி உருகியதும் போர்வையை எடுத்துவிடுங்கள். தொட்டிச் செடிகளைத் தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள்; பள்ளத்தில் வைக்காதீர்கள், அங்கே குளிர்காற்று வந்து தேங்கும்.

கருகிய தண்டை இப்போதே வெட்ட வேண்டாம். வெட்டினால் துளிர் வரும், அடுத்த பனியில் அதுவும் போகும். பிப்ரவரி கடைசிவரை பொறுங்கள். அடிக்கிழங்கு கெட்டியாக இருந்தால் பிழைத்துக்கொள்ளும், கொழகொழவென்று இருந்தால் தூக்கிப் போடுங்கள்.