திரையும் சென்சாரும் நிறைந்த புதிய ஜீப் வகை வண்டிகளில் பழைய முரட்டுத்தனம் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கவேண்டும். 2018இல் வந்த சுசுகி ஜிம்னியில் இன்னமும் ஏணிச் சட்டகம் (உடலைத் தாங்கும் ஏணி வடிவத் தனிச் சட்டம்), முன்னும் பின்னும் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே துண்டு அச்சு, மேடேற லோ கியர். 2020 லேண்ட் ரோவர் டிஃபென்டரோ அந்தச் சட்டகத்தையே கைவிட்டுவிட்டது. பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். ஆனால் பழைய டிஃபென்டர் 500 மி.மீ. ஆழத் தண்ணீரில்தான் இறங்கும். வண்டியைக் காற்றழுத்தத்தால் உயர்த்தும் ஏர் சஸ்பென்ஷன் உள்ள புதியது 900 மி.மீ. வரை போகும். அப்புறம் எதை முரடு என்பது?

என் குறை வேறு. மலேசியாவின் ஜொகூர் செம்பனைத் தோட்டத்துச் சேற்றில் நின்றுபோனால், பழையதை ஸ்பேனரை வைத்தாவது தட்டிப் பார்க்கலாம். புதியதில் சென்சார் மக்கர் செய்தால் லேப்டாப் வேண்டும்.

சிங்கப்பூரில் சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) கட்டி பிஐஇ விரைவுச்சாலையில் மட்டும் ஓட்டப்போகிறீர்கள் என்றால் ஜிம்னி வேண்டாம். அந்த அச்சு தார்ச்சாலையில் ஆட்டி எடுத்துவிடும்.