வாங்குவது பெட்டியை மட்டுமா? தொலைக்காட்சி குறித்த நுகர்வோர் கேள்வி-பதில்

தொலைக்காட்சி தொடர்பாகச் சென்னை வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் விலையைக் காட்டிலும் கருத்தைப் பற்றிய கேள்விகளே மிகுந்திருந்தன. அவற்றுள் நான்கை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: பெரம்பூரில் கூட்டுக் குடும்பமாக வசிக்கிறோம். கேபிளுக்கு மாதந்தோறும் தவறாமல் பணம் கட்டுகிறோம். மாலையில் செய்திச் சேனல்களில் நடக்கும் அரசியல் விவாதங்கள் ஒருதலைச் சார்பாக இருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு என் மாமனாரும் கணவரும் சாப்பாட்டு நேரத்தில் சண்டை போடுகிறார்கள். பணம் வாங்கிக்கொண்டு பொய்யையும் கட்சிப் பிரசாரத்தையும் காட்டுவது சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடர முடியுமா?

பதில்: ஒருதலைச் சார்புக்காக நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடர முடியாது. முடியாமலிருப்பதே பார்வையாளராகிய நமக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சட்டம் விதித்த அல்லது விற்பவர் தருவதாக ஒப்புக்கொண்ட தரத்துக்கும் உண்மையில் தந்ததற்கும் இடையிலுள்ள வேறுபாட்டையே குறைபாடு என்று கொள்கிறது. உங்கள் கேபிள்காரர் ஒப்புக்கொண்டது சேனல்களைத் தடையின்றி வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதை மட்டும்தான். படம் வராமல் போனாலோ, கேட்காத சேனல்களைச் சேர்த்துப் பணம் வசூலித்தாலோ, ரசீது தர மறுத்தாலோ நீங்கள் தாராளமாக முறையிடலாம். நெறியாளர் ஒரு கட்சியின் பேச்சாளரைப் பேசவிடாமல் குறுக்கிட்டார் என்பது அவருடைய குறையே தவிர, உங்களுக்கு விற்கப்பட்ட சேவையின் குறையாகாது. எந்தக் கருத்து பழுதானது என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை ஓர் ஆணையத்திடம் கொடுத்துவிட்டால், இன்று உங்கள் மாமனாருக்குப் பிடித்த சேனலின் மேல் பாயும் அந்த அதிகாரம், நாளை ஆட்சி மாறும்போது உங்கள் கணவருக்குப் பிடித்த சேனலின் மேலும் பாயும்.

பொய் என்று நீங்கள் குறிப்பிட்டிருப்பது வேறு விஷயம். அதற்கு வேறு வழி இருக்கிறது. 1994-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் நிகழ்ச்சி நெறிமுறை என்று ஒரு பகுதி உண்டு. அவதூறையும், வேண்டுமென்றே சொல்லப்படும் பொய்யையும், அரைகுறை உண்மையையும், மதங்களையும் சமூகங்களையும் தாக்கும் பேச்சையும் அது தடைசெய்கிறது. 2021 ஜூனில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பார்வையாளர் எவரும் முதலில் அந்தச் சேனலுக்கே எழுத்துமூலம் புகார் அனுப்பலாம். புகார் கிடைத்ததை அவர்கள் 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். 15 நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். அது நிறைவளிக்காவிட்டால் ஒளிபரப்பாளர்களின் சுய ஒழுங்குமுறை அமைப்புக்கும், அதன் பின் மத்திய அரசின் மேற்பார்வை அமைப்புக்கும் போகலாம். புகாரில் நிகழ்ச்சியின் பெயர், தேதி, நேரம், சொல்லப்பட்ட வாக்கியம், அது தவறு என்பதற்கான ஆதாரம் ஆகியவை இருக்க வேண்டும். ‘விவாதம் நியாயமாக இல்லை’ என்று மட்டும் எழுதும் புகாரால் பயன் விளையாது; ‘இந்தத் தேதியில் இந்த நேரத்தில் சொல்லப்பட்ட இந்தத் தொகை அரசாணையில் உள்ளதற்கு மாறானது’ என்று எழுதும் புகாருக்கு அவர்கள் பதில் சொல்லியே தீர வேண்டியிருக்கும்.

கட்சிச் சார்பைப் பற்றியும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். 1999-இல் வந்த ஜெயா, 2006-இல் வந்த மக்கள், 2007-இல் வந்த கலைஞர், 2010-இல் வந்த கேப்டன் ஆகிய சேனல்கள் எந்தெந்தக் கட்சியைச் சார்ந்தவை என்பது தமிழ்நாட்டில் சிறுவர்களுக்கும் தெரியும். தெரிந்தே பார்க்கும்போது அதில் ஏமாற்று எதுவும் இல்லை. நடுநிலை என்ற பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்டு ஒருவருக்காக மட்டும் பேசும் சேனலைவிட, கொடியை வெளிப்படையாகக் காட்டும் சேனலை நான் நேர்மையானதாகவே மதிக்கிறேன். மாமனாரும் கணவரும் ஒரே செய்தியை இரு தரப்புச் சேனல்களிலும் சேர்ந்து பார்க்க ஒப்புக்கொண்டால், எந்தத் தகவலை எந்தத் தரப்பு விட்டுவிடுகிறது என்பது இருவருக்குமே புலப்படும்.

நுகர்வோர் என்ற முறையில் உங்களிடம் உள்ள உண்மையான பலம் சேனலைத் தேர்ந்தெடுக்கும் உரிமைதான். இதில் நம் நகரத்துக்கு முன்னனுபவம் உண்டு. கட்டணச் சேனல்களை செட்டாப் பாக்ஸ் வழியாகத் தேர்ந்தெடுத்துப் பார்க்கும் முறை 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபோது, மற்ற பெருநகரங்களில் அது தள்ளிவைக்கப்பட, சென்னையில் மட்டுமே நிலைத்தது. இப்போது நாடு முழுவதும் இருக்கும் ஏற்பாட்டை தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017-இல் வகுத்து, 2019 பிப்ரவரியில் முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு கட்டணச் சேனலையும் தனித்தனியாக வாங்கும் உரிமை அதில் இருக்கிறது. தொகுப்பாகத்தான் எடுக்க வேண்டும் என்று எந்த கேபிள்காரரும் கட்டாயப்படுத்த முடியாது. அடிப்படை இணைப்புக் கட்டணத்துக்கு 130 ரூபாய் என்ற உச்சவரம்பு அப்போது இருந்தது. வரியோடு சேர்த்து 153 ரூபாய் 40 காசு. 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பை ஆணையம் நீக்கிவிட்டதால், உங்கள் நிறுவனம் இப்போது என்ன வாங்குகிறது என்பதைக் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். பிறகு, உங்கள் தொகுப்பில் இருக்கும் செய்திச் சேனல்களில் எவை கட்டணச் சேனல்கள், எவை இலவசச் சேனல்கள் என்று பாருங்கள். கட்டணச் சேனலை நீக்கச் சொன்னால் உங்கள் பணம் அங்கே போவது நின்றுவிடும். இலவசச் சேனலுக்கு நீங்கள் தருவது பணமன்று, நேரம். அந்த நேரத்தைத்தான் அவர்கள் விளம்பரதாரருக்கு விற்கிறார்கள். ஆகவே, இலவசச் சேனலிலும் பிடிக்காத விவாதத்தை அணைத்துவிடுவது வாங்க மறுப்பதற்குச் சமம். ‘என்னதான் சொல்கிறான் பார்ப்போம்’ என்று கோபத்தோடு பார்த்தாலும், பார்த்த கணக்கில்தான் அது சேரும்.

கேள்வி: வேளச்சேரியில் புதுக்குடித்தனம் வைத்திருக்கிறோம். 43 அங்குலத் தொலைக்காட்சி வாங்கலாம் என்று தி.நகர் கடைக்குப் போனோம். விற்பனையாளர் 55 அங்குல 4கே பெட்டியைக் காட்டி, வரியும் குறைந்துவிட்டது என்றார். வாங்காமல் திரும்பிவிட்டோம்; ஆனால் இப்போது எங்களுக்கும் பெரியதே வேண்டும் என்று தோன்றுகிறது. சோபாவுக்கும் சுவருக்கும் எட்டு அடி இடைவெளி. இந்த ஆசை எங்களுடையதா, அவர் விதைத்ததா?

பதில்: இந்தக் கேள்வியைப் பெரிய பொருளியலறிஞர்களே விவாதித்திருக்கிறார்கள். உற்பத்தி செய்பவரே விளம்பரத்தின் மூலம் தேவையையும் உண்டாக்குகிறார் என்றால், அந்தத் தேவையை நிறைவேற்றுவதை நன்மை என்று எப்படிச் சொல்வது என்று ஜான் கென்னத் கால்பிரெய்த் 1958-இல் கேட்டார். மனிதனின் விருப்பங்களில் பெரும்பாலானவை பிறரிடமிருந்து கற்றவைதான், இலக்கிய ரசனைகூட அப்படித்தான் வருகிறது, அதனால் அது மதிப்பிழந்துவிடாது என்று ஃபிரெட்ரிக் ஹாயெக் 1961-இல் மறுத்தார். இதில் நான் ஹாயெக்கின் பக்கம் நிற்கிறேன். ஆசை எங்கிருந்து வந்தது என்பதைவிட, கடையின் வெளிச்சத்தைவிட்டு வந்த பிறகும் அது நிற்கிறதா, அதற்கு வீட்டில் வேலை இருக்கிறதா என்பதே பார்க்க வேண்டியது.

எட்டு அடிக்கு 55 அங்குலம் பொருந்தும். நீங்கள் எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதே முடிவைத் தீர்மானிக்கும். கடையில் ஓடுவது அந்தத் திரைக்கென்றே எடுத்த 4கே படம். உங்கள் வீட்டு கேபிளில் வரும் சாதாரணச் சேனலின் படத்தில் நான்கு லட்சத்துச் சொச்சம் புள்ளிகள்தான் இருக்கும்; 4கே திரையிலோ ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். இருபது மடங்கு இடத்தை நிரப்ப வேண்டியிருப்பதால், திரை பெரிதாகப் பெரிதாகச் சாதாரணச் சேனலின் முகங்கள் மங்கலாகவே தெரியும். இணையவழித் திரைப்படங்களே உங்கள் முதன்மைப் பொழுதுபோக்கு என்றால் 55 வாங்குங்கள். சீரியலும் செய்தியும்தான் என்றால் 43 போதும். மிச்சப்படும் பணத்தில் எச்.டி. சேனல்களைச் சேர்த்துக்கொள்ளலாம். வரியைப் பற்றி விற்பனையாளர் சொன்னது உண்மை: 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்டவற்றுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் 43-க்கும் 55-க்கும் அதே 18 சதவீதம்தான் என்பதால், பெரியதை வாங்க அது ஒரு காரணமாகாது.

கூடுதல் உத்தரவாதத்துக்குத் தனிப் பணம் கேட்டால், திரைப்பலகத்துக்கும் அது பொருந்துமா என்று எழுத்தில் கேளுங்கள். திரை போய்விட்டால் அதை மாற்றும் செலவு புதுப் பெட்டியின் விலையை நெருங்கும் என்பதை ரிச்சி தெருவில் எந்தப் பழுதுநீக்குபவரைக் கேட்டாலும் சொல்வார். ஸ்மார்ட் டிவியை முதன்முறை இயக்கும்போது, நீங்கள் பார்ப்பவற்றின் விவரத்தைத் திரட்ட அனுமதி கேட்கும் பக்கம் வந்தால், அவசரத்தில் ‘சரி’ என்று அழுத்திவிடாதீர்கள். மறுத்தாலும் பெட்டி வேலை செய்யும். எந்தக் கட்சியின் விவாதத்தை எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்ற விவரம் உங்கள் கருத்தைப் பற்றிய விவரமே. அதை அறியாமல் கொடுத்துவிடுவதற்கு நான் உடன்பட மாட்டேன். பில்லை வாங்காமல் வராதீர்கள். பிற்பாடு சிக்கல் வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் உங்கள் பகுதி மாவட்ட ஆணையத்திலும் வழக்குத் தொடரலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: ராயபுரத்தில் எங்கள் வீட்டில், அரசு இலவசமாகக் கொடுத்த வண்ணத் தொலைக்காட்சி இன்னும் பரண்மேல் இருக்கிறது. ஓட்டுக்காகக் கொடுத்ததை வாங்கியது தவறு என்று என் மகன் சொல்கிறான். தவறுதானா? அதை இப்போது என்ன செய்வது?

பதில்: அது உங்கள் வரிப்பணத்தில் வாங்கிய பொருள். உப்பு முதல் சோப்பு வரை எதை வாங்கினாலும் வரி கட்டும் ஒரு குடும்பம் அதைப் பெற்றுக்கொண்டதில் எந்த இழிவும் இல்லை. 2006 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. கொடுத்த அந்த வாக்குறுதியின்படி, ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு 14 அங்குலப் பெட்டிகள் சென்றன. இதை எதிர்த்த வழக்கில், தேர்தல் அறிக்கையில் தரும் வாக்குறுதி சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013 ஜூலை 5 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் இத்தகைய இலவசங்கள் நேர்மையான தேர்தலின் வேரை அசைக்கின்றன என்பதையும் அதே தீர்ப்பு ஒப்புக்கொண்டு, நெறிமுறை வகுக்குமாறு தேர்தல் ஆணையத்தைப் பணித்தது. 2022 ஆகஸ்டில் இந்தப் பிரச்சினை மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. ஆகவே உங்கள் மகன் எழுப்பும் கேள்வி, நீதிமன்றமே கனமாகக் கருதும் கேள்விதான்.

ஆனால் வாங்கியவர்கள் தங்கள் கருத்தை விற்றுவிட்டார்கள் என்று அவர் கருதினால், 2011 தேர்தல் முடிவை அவருக்குக் காட்டுங்கள். வீடுதோறும் பெட்டி கொடுத்த கட்சிக்கு அந்தத் தேர்தலில் 23 இடங்களே கிடைத்தன. வென்ற அ.தி.மு.க. மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி தருவதாகச் சொல்லியிருந்தது என்று அவர் மறுமொழி கூறக்கூடும். அதிலும் உண்மை இருக்கிறது. இருந்தாலும், கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த பெட்டி வாக்குச்சாவடியில் அவர்களைக் கட்டுப்படுத்தவில்லை என்பதே என் முடிவு. என் வருத்தம் வேறு. அந்தப் பணத்தில் ஊருக்கு என்ன செய்திருக்கலாம் என்று நம் முன்னே வைத்துக் கேட்கவில்லையே என்பதுதான் அது.

பெட்டியைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். அதன் படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. உடைத்துச் செம்பை எடுப்பவருக்கும் அவருடைய தெருவுக்கும் அது கேடு. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மின்கழிவு மறுசுழற்சி நிறுவனத்திடம் ஒப்படையுங்கள்.

கேள்வி: கே.கே. நகரில் வசிக்கிறேன். என் அம்மா நாள் முழுவதும் சீரியல்களும் பக்திச் சேனல்களும் பார்க்கிறார். பணம் கட்டுவது நான். அவருடைய நன்மைக்காகச் சேனல்களைக் குறைத்துவிட்டு, நல்ல நிகழ்ச்சிகளை மட்டும் வைக்கலாம் என்று நினைக்கிறேன். எனக்கு அந்த உரிமை இல்லையா?

பதில்: பணம் கட்டுபவர் மட்டுமே நுகர்வோர் என்று நினைத்துத்தான் நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பணம் கொடுத்தவரின் சம்மதத்தோடு அந்தச் சேவையைப் பயன்படுத்துபவரும் நுகர்வோரே. அதன்படி உங்கள் அம்மாவும் நுகர்வோர். சேனல் வராமல் போனால் அவரே முறையிடலாம். கேபிள்காரருக்கு எதிராக அவருக்குள்ள இந்த உரிமை உங்களுக்கு எதிராகச் செல்லாது என்பது உண்மைதான். இணைப்பு உங்கள் பெயரில் இருந்தால் நீங்கள் சொல்வதைத்தான் கேபிள்காரர் செய்வார். ஆனால், செய்ய முடிகிற காரணத்தாலேயே ஒன்று சரியாகிவிடாது.

ஒரு மனிதரின் நன்மை எது என்பதை இன்னொருவர் தீர்மானிக்கலாமா என்பதுதான் இங்கே மெய்யான கேள்வி. சிந்தித்து முடிவெடுக்கும் நிலையில் இருப்பவருக்காகப் பிறர் தீர்மானிக்கக் கூடாது என்பது என் நிலைப்பாடு. நீங்கள் நல்ல நிகழ்ச்சி என்று கருதுவது உங்கள் ரசனை. வீட்டு வேலைகளை முடித்துவிட்டு உட்காரும் ஒரு தாய்க்கு, தினமும் அதே நேரத்தில் வரும் தெரிந்த முகங்கள் எவ்வளவு ஆறுதல் தரும் என்பதை உங்கள் ரசனையைக் கொண்டு அளக்க முடியாது. அவருடைய கண்ணோ தூக்கமோ கெடுகிறது என்பது உங்கள் கவலையென்றால், அதை அவரிடமே நேராகச் சொல்லுங்கள். மாலையில் அரை மணி நேரம் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள் அல்லது பூங்காவுக்கு அழைத்துச் செல்லுங்கள். செலவுதான் காரணமென்றால், பட்டியலை அவர் கையிலேயே கொடுத்து, எவை வேண்டும் என்று குறிக்கச் சொல்லுங்கள். வீட்டில் எவருமே பார்க்காத விளையாட்டுச் சேனல்களும் பிறமொழிச் சேனல்களும் தொகுப்புகளில் ஏராளமாக இருக்கும். அவற்றை எடுத்தாலே தொகை கணிசமாகக் குறைந்துவிடும். மாற்றத்தைக் கேபிள்காரரிடம் வாய்மொழியாகச் சொல்லாமல், நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் பதிவு செய்து, குறைந்த தொகைக்கான ரசீதை அடுத்த மாதம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.