கேஸ் கட்டு கிண்டிலுக்குள் போகுமா?

கேள்வி: நான் 46 வயது வழக்கறிஞர். சிவில் வழக்குகள்தான் அதிகம். திண்டுக்கல்லில் இருந்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வாரத்தில் பாதி நாட்கள் பஸ்ஸில் போய்வருகிறேன். கட்டுகளைச் சுமந்து தோள் வலி. பஸ்ஸில் கைபேசியில் தீர்ப்புகளைப் படித்துக் கண் எரிச்சல். கிண்டில் போன்ற கருவி வாங்கினால் எல்லாவற்றையும் அதற்குள் ஏற்றிவிடலாமா? "பிடிஎஃப் தாராளமாகத் திறக்கும்" என்கிறார் கடைக்காரர். "அதெல்லாம் கதை படிப்பதற்கு, டேப்லட் வாங்கு" என்கிறான் கல்லூரியில் படிக்கும் மகன். கையில் இருப்பது பதினைந்தாயிரம் ரூபாய். யார் பேச்சைக் கேட்பது? பழைய கருவி கிடைத்தால் வாங்கலாமா?
– பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: சகோதரிக்கு,

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பிடிஎஃப் திறக்கும். திறந்ததைப் படிக்க முடியுமா என்று தெரிந்துகொள்ள நீங்கள் போக வேண்டிய இடம் ஜெராக்ஸ் கடை. பையில் இருந்து ஏதாவது ஓர் ஏ4 பக்கத்தை எடுத்துக் கொடுத்து, 41 சதவீதத்துக்குச் சுருக்கி ஒரு பிரதி, 48 சதவீதத்துக்கு ஒன்று, 70 சதவீதத்துக்கு ஒன்று எடுத்துத் தரச் சொல்லுங்கள். முதலாவது, 6 அங்குலத் திரையில் அந்தப் பக்கம் முழுதாகத் தெரிகிற அளவு. அடுத்தது 7 அங்குலத் திரை. கடைசியில் இருப்பது 10.3 அங்குலத் திரை. ஏறக்குறைய ஏ5 தாள். மூன்றையும் வீட்டு மேசையில் வைத்துப் பார்க்காமல், ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்து படியுங்கள். சில ரூபாய் செலவில் பாதி முடிவு வந்துவிடும்.

உச்ச நீதிமன்றம் 2020 ஏப்ரல் முதல் மனுக்களுக்கு ஏ4 தாள், 14 புள்ளி எழுத்து, ஒன்றரை இடைவெளி, இடமும் வலமும் 4 சென்டிமீட்டர் ஓரம் என்று வகுத்திருக்கிறது. 14 புள்ளி எழுத்தை 41 சதவீதத்துக்குச் சுருக்கினால் ஆறு புள்ளிக்கும் குறைவு. மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படிப்பது போலத்தான் இருக்கும். அந்த அகன்ற ஓரங்கள் இங்கே உதவிக்கு வருகின்றன. கணினியில் ஓரத்தை வெட்டிவிட்டால் எழுத்துப் பகுதியின் அகலம் 13 சென்டிமீட்டர்தான். 6 அங்குலக் கருவியைக் குறுக்காகத் திருப்பிப் பிடித்தால் அதன் அகலம் 12 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். எழுத்து ஏறக்குறைய தாளில் இருந்த அளவுக்கே வந்துவிடும். ஒரு பக்கத்தை மூன்று துண்டாகப் படிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். தீர்ப்பைத் தொடக்கத்தில் இருந்து முடிவு வரை படிக்கிறவருக்கு இது ஒரு தொந்தரவே இல்லை.

ஆனால் உங்கள் பையில் இருப்பது எல்லாம் தீர்ப்பு இல்லையே. அங்கேதான் மகனும் கடைக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பேசுகிறார்கள். பையைத் தரையில் கொட்டி இரண்டு குவியலாகப் பிரியுங்கள். பத்தி எண், பிரிவு எண் சொல்லிக் குறிப்பிடும் தாள்கள் ஒரு பக்கம். பக்க எண் சொல்லிக் குறிப்பிடும் தாள்கள் இன்னொரு பக்கம். தீர்ப்புகள், சட்டப் புத்தகங்கள் முதல் குவியலில் விழும். டைப் செட் (பக்க எண் போட்டு நீதிமன்றத்தில் கொடுக்கும் ஆவணத் தொகுப்பு), ஆவணங்கள், சாட்சி வாக்குமூலம் எல்லாம் இரண்டாவதில்.

முதல் குவியலுக்கு கிண்டில் போன்ற இ-ரீடர் அருமையான கருவி. தீர்ப்பின் பிடிஎஃப்பை மின்னூலாக மாற்றிவிட்டால் கருவியே தன் திரைக்கேற்ப வரிகளை மடக்கிக்கொள்ளும். எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கலாம். அப்படி மாற்றும்போது பழைய பக்க எண் காணாமல் போகும். போகட்டும், நீங்கள் "பத்தி 37" என்றுதானே வாதத்தில் சொல்லப்போகிறீர்கள்? கேசவானந்த பாரதி வழக்கில் 1973இல் 13 நீதிபதிகள் எழுதியது எழுநூறு பக்கத்துக்கு மேல். அதைத் தாளில் தூக்கிக்கொண்டு பஸ் ஏற யாருக்கும் மனம் வராது. 200 கிராம் எடையுள்ள கருவியில் அது ஒரு மூலையில் கிடக்கும்.

சட்டங்களுக்கும் இதே கதை. 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்த பிறகு, பழையதும் புதியதுமாக இரட்டிப்புப் புத்தகம் சுமக்க வேண்டிய நிலை. சிவில் வழக்கறிஞரான நீங்களும் தப்பவில்லை: பழைய சாட்சியச் சட்டத்தின் 167 பிரிவுகளும் வேண்டும், அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமின் 170 பிரிவுகளும் வேண்டும். எல்லாம் ஒரே கருவியில் அடங்கும். திருத்தச் சட்டம் வரும்போது கருவியில் உள்ள பிரதி தானாக மாறாது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. உச்ச நீதிமன்ற அறிக்கைத் தொகுப்பின் பக்கங்களில் ஓரத்தில் ஏ முதல் ஹெச் வரை ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்குமே, மாற்றும்போது அவை வரிகளுக்கு நடுவே வந்து விழும். அடிக்குறிப்புகளும் பத்திக்கு நடுவில் புகுந்துகொள்ளும். அத்தகைய கோப்புகளை மாற்றாமல், முன்பு சொன்னபடி ஓரத்தை மட்டும் வெட்டிக் குறுக்காகப் படிப்பதே மேல்.

இனி இரண்டாவது குவியல். நீதிபதி, "இரண்டாவது தொகுதி, பக்கம் 147" என்கிறார். எதிர்த்தரப்பு ஜூனியர் கட்டைப் புரட்டி விரலை வைத்துவிட்டார். நீங்கள் இ-ரீடரில் பக்க எண்ணைத் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இ-ரீடரில் இருக்கும் மின்மைத் திரை (இ-இங்க்) அடிப்படையிலேயே மெதுவானது. திரைக்குள் நுண்ணிய குமிழ்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் மின்னூட்டம் பெற்ற கறுப்பு, வெள்ளைத் துகள்கள். ஒவ்வொரு பக்கம் மாறும்போதும் அந்தத் துகள்கள் மேலும் கீழும் நகர்ந்து இடம்பிடித்தாக வேண்டும். மாறிய பிறகு அசையாமல் நிற்பதால் மின்சாரம் செலவாவதில்லை. அதனால்தான் பேட்டரி வாரக்கணக்கில் தாங்குகிறது, காகிதம் போல வெளி வெளிச்சத்திலேயே படிக்கவும் முடிகிறது. உங்கள் கண்ணுக்கு நல்லது செய்கிற அதே ஏற்பாடுதான் நீதிமன்றத்தில் காலை வாரிவிடும். அதிலும் டைப் செட் என்பது பெரும்பாலும் ஸ்கேன் செய்த படங்களின் தொகுப்பு. பக்கத்துக்குப் பக்கம் படம் என்றால் இன்னும் தாமதம்; சொல்லைத் தேட முடியாது, வரியை அடிக்கோடிட முடியாது. நில அளவை வரைபடத்தில் சிவப்பில் காட்டிய பகுதியும், பத்திரத்தில் நீல மையில் போட்ட கையெழுத்தும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். வண்ண மின்மைத் திரைகள் வந்துவிட்டன. ஆனால் அவற்றில் இப்போது அதிகம் புழங்கும் வகையில், கறுப்பு வெள்ளையில் அங்குலத்துக்கு 300 புள்ளி தெளிவு இருந்தால் வண்ணத்தில் 150தான். புல எண்ணைப் படிக்க அது போதாது.

தமிழ் ஆவணங்களில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. நம் அலுவலகங்களில் வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் இன்னும் ஏராளம். பிடிஎஃப்பாக இருக்கும்வரை அழகான தமிழாகத் தெரியும். மின்னூலாக மாற்றிய மறுநிமிடம் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும், ஏனென்றால் உள்ளே சேமிக்கப்பட்டிருப்பதே அதுதான். ஒரு கோப்பு எந்த வகை என்று தெரிய வேண்டுமா? கணினியில் ஒரு வரியைப் பிரதி எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் யூனிகோடு, மாற்றலாம். கிறுக்கலாக வந்தால் அதைத் தொடாதீர்கள். எதுவுமே வரவில்லை என்றால் அது வெறும் படம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கிண்டிலுக்குக் கோப்பை அனுப்ப எளிய வழி மின்னஞ்சல். தலைப்பில் கன்வர்ட் என்ற ஆங்கிலச் சொல்லை எழுதினால் பிடிஎஃப்பை மாற்றியே தந்துவிடுவார்கள். மாற்றுவது உங்கள் கருவி அல்ல, கிண்டிலை விற்கும் அமேசான் நிறுவனத்தின் கணினி. கோப்பும் அங்கே உங்கள் கணக்கில் தங்கும். பொதுவெளியில் இருக்கும் தீர்ப்புக்கு அதனால் ஒன்றும் இல்லை. கட்சிக்காரர் உங்களை நம்பிக் கொடுத்த குடும்பப் பாகப்பிரிவினைக் கடிதத்துக்கு? கட்சிக்காரரின் ரகசியத்தைக் காப்பது பற்றிப் பழைய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 126, புதியதில் 132 என்ன சொல்கின்றன என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. அத்தகைய தாள்களை ஏற்றியே ஆக வேண்டும் என்றால், காலிபர் என்ற இலவச மென்பொருளால் உங்கள் கணினியிலேயே மாற்றி, யுஎஸ்பி கம்பி வழியாக ஏற்றுங்கள். கருவிக்குக் கடவுச்சொல் போடுங்கள். பஸ்ஸில் தவறவிடக்கூடிய பொருள் அது.

மகனுக்கும் நியாயம் செய்துவிடுவோம். நீதிமன்ற அறைக்குள், வண்ணத்தோடு, சட்டென்று பக்கம் தாவ வேண்டும் என்றால் டேப்லட்தான் சரி. ஆனால் உங்கள் கடிதத்தில் வலி பஸ்ஸில் இருக்கிறது, படிப்பது தீர்ப்பு, எரிவது கண். டேப்லட்டின் திரையும் கைபேசியைப் போலவே கண்ணை நோக்கி ஒளியை வீசுவதுதான். அளவு மட்டும் பெரிது. எனவே உங்கள் பணத்துக்குள் கிடைத்தால் 7 அங்குல இ-ரீடர் வாங்குங்கள். தீர்ப்பும் சட்டமும் அதில். டைப் செட் தாளிலேயே இருக்கட்டும், அன்றைக்கு விசாரணைப் பட்டியலில் இருக்கும் வழக்குக்கு மட்டும் தூக்குங்கள். 10.3 அங்குலக் கருவி உங்கள் தொகைக்குள் வராது. 13.3 அங்குலத்தில் ஏ4 பக்கம் 91 சதவீத அளவில் தெரியும், ஆசையைத் தூண்டும். விலையைக் கேட்டால் ஆசை அடங்கிவிடும். ஜெராக்ஸ் சோதனையில் 70 சதவீதப் பிரதியைத் தவிர வேறெதையும் படிக்க முடியவில்லை, கோப்பை மாற்றுகிற வேலைக்கும் பொறுமை இல்லை என்றால் மட்டும் மகன் பேச்சைக் கேளுங்கள்.

பழைய கருவி வாங்கலாம். பேட்டரி தளர்ந்திருக்கும், அது பெரிய விஷயமில்லை. முந்தைய உரிமையாளரின் கணக்கு அதிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறதா என்று பணம் கொடுப்பதற்கு முன் அவர் கண்ணெதிரிலேயே பாருங்கள். நீக்கவில்லை என்றால் நீங்கள் அதில் உங்கள் கணக்கைப் பதிவு செய்வதே சிக்கலாகலாம். உங்கள் கையில் இருந்து அது அடுத்தவருக்குப் போகும் நாளில், கட்சிக்காரர்களின் கோப்புகளை அழித்துவிட்டு, உங்கள் கணக்கையும் நீக்கிவிட்டுக் கொடுங்கள்.