கேட்டியா தெரிந்தால் போதாதா, டை டிசைனுக்கு டிஸ்கிரிப்டிவ் ஜியாமெட்ரி எதற்கு?

மெக்கானிக்கல் முடித்துவிட்டு டை டிசைன் (உலோகத் தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் அச்சுகளை வடிவமைப்பது) பக்கம் போகப்போகிறேன், கேட்டியா என்ற 3டி டிசைன் மென்பொருள் இருக்கும்போது, முப்பரிமாணப் பொருளைத் தாளில் கையால் வரைந்து அளக்கும் டிஸ்கிரிப்டிவ் ஜியாமெட்ரி என்ற அந்தப் பழைய பாடம் இன்றும் தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். தேவை. கட்டாயம் தேவை.

நான் டிரெய்னியாக இருந்தபோது ஒரு கார் பாடி பிராக்கெட் வந்தது. அதன் ஃபிளேஞ்சில் (மடிந்த ஓரத்தில்) 10 மி.மீ. வட்டத் துளை. துளை போட, பஞ்ச் (துளையிடும் கருவி) இறங்கும் திசைக்கு ஃபிளேஞ்ச் செங்குத்தாக இருக்கும்படி பாகத்தைச் சாய்த்து வைக்க வேண்டும். நான் திரையில் ஒரே ஒரு செக்‌ஷன் வெட்டிப் பார்த்தேன். 20 டிகிரி. அதன்படியே சாய்த்தேன். டிரை-அவுட்டில் (சோதனை ஓட்டத்தில்) துளை ஒரு பக்கம் 10.3 மி.மீ. ஆக நீண்டு, முட்டை வடிவில் வந்தது.

மென்பொருள் தவறு செய்யவில்லை. நான் வெட்டிய இடத்தில் கோணம் 20தான். ஆனால் அந்த ஃபிளேஞ்ச் மற்ற திசையிலும் 15 டிகிரி சரிந்திருந்தது. அப்படியென்றால் உண்மையான சரிவு 35 இல்லை, ஏறக்குறைய 24.3 டிகிரி. சீனியர் அண்ணன் ஒரு தாளை எடுத்து, ஃபிளேஞ்சில் கிடைமட்டமான ஒரு கோட்டைப் பிடித்தார். அந்தக் கோட்டின் நீளவாக்கில் பார்ப்பதாக ஆக்சிலரி வியூ (வழக்கமான பார்வைகளுக்கு வெளியே, சாய்வாகப் பார்க்கும் துணைப் பார்வை) போட்டார். மொத்தத் தளமும் ஒற்றைக் கோடாக மாறியது. கோணமானியை வைத்து அளந்தார், அவ்வளவுதான்!

இந்த முறைக்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தவர் பிரான்சின் கஸ்பார் மோன்ஜ். கோட்டை கட்டும் வேலைக்காக மெசியேர் ராணுவப் பள்ளியில் உருவான இது, பல ஆண்டுகள் ராணுவ ரகசியமாகவே இருந்தது. 1795-இல்தான் பாரிசில் வெளிப்படையாகப் பாடம் நடத்தினார்.

கார் பாடியில் இது இன்னும் முக்கியம். கதவோ ஃபெண்டரோ காரில் இருக்கும் நிலையை கார் லைன் என்போம். பிரஸ்ஸில் அதே நிலையில் வைத்து இழுத்தால் சில இடங்கள் அண்டர்கட் ஆகிவிடும், அதாவது நேராக இறங்கும் டை அங்கே எட்டாது. அதனால் சாய்த்து டை லைனுக்கு, அதாவது பிரஸ்ஸில் வைக்கும் நிலைக்குக் கொண்டுவருகிறோம். எந்த அச்சில், எவ்வளவு என்று முடிவு செய்வது நீங்கள்தான். அது மனக்கண்ணில் தெரிய வேண்டும்.

சரி, எப்படி ஆரம்பிப்பது? இரண்டு பக்கமும் சரிந்த ஒரு பிராக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ரண்ட் வியூ, டாப் வியூ, அப்புறம் ஆக்சிலரி வியூ மூன்றையும் பென்சிலால் வரைந்து கோணத்தை அளந்துவிட்டு, அதன் பிறகு கேட்டியாவைத் திறந்து சரிபாருங்கள்.